டோக்கன் வைக்காமல் விளக்கு இல்லை

மரியகுழந்தை அக்காவைப் பற்றி எங்கள் பேட்டையில் இரண்டு பேச்சு உண்டு. கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடந்த மக்கு என்று ஒன்று. மருமகனை அவர் வீட்டிலேயே கைகட்டி நிற்க வைத்த ராட்சசி என்று இன்னொன்று. பேசுகிற யாருக்கும் முழுக்கதை தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த பாஸ்போர்ட் விஷயத்தில் பாதித் தப்பு என்னுடையது.

நான் டீனா. ராபர்ட்சன்பேட்டையில் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பார்கள். நாள் முழுக்க 'நெட்டு வரல' என்று வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் நீளும்.

அக்கா எனக்குப் பக்கத்து வீடு. வயது அறுபது. விடியற்காலை ரயிலைப் பிடித்து ஒயிட்ஃபீல்டுக்குப் போய் ஓர் ஆபீஸ் கேண்டீனில் காய் நறுக்குகிறவள். அவள் புருஷன் மோசஸ் அண்ணன், இங்கே தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் லேம்ப் ரூமில் இருந்தவர். கீழே இறங்குகிறவன் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை ஜன்னலில் வைத்தால்தான் அவர் கையிலிருந்து விளக்கு கிடைக்கும். மேலே வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் திரும்ப வரும். ஆணியில் ஒரு டோக்கன் தொங்கினாலும் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். கடைசி டோக்கன் போகிற வரைக்கும் அண்ணன் சாப்பாட்டு கேரியரைத் திறக்க மாட்டாராம்.

சுரங்கத்தை மூடி இருபத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அண்ணனின் இந்தப் பழக்கத்தைத்தான் யாராலும் மூட முடியவில்லை. இப்போது அவருக்கு இருக்கிற ஒரே டோக்கன் அக்காதான். மதியம் ஒரு மணிக்கு அவள் போன் போட்டு 'மேல வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் தட்டில் கை வைப்பார். மனுஷருக்கு சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போடலாமா? நான் திட்டாத திட்டில்லை. சுவரோடு பேசியிருந்தால் சுவராவது கேட்டிருக்கும்.

மூன்று வருஷம் முன்னால் அக்கா முதல் தடவையாக மகள் ஜெசிந்தாவைப் பார்க்க கோலாலம்பூர் போனாள். மருமகன் உதய் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர். அவரும் எங்கள் ஊர் ஆள்தான், தாத்தா சுரங்கத் தொழிலாளி. அந்தத் தாத்தாவின் பித்தளை டோக்கனைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி வைத்து, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் எங்கள் பரம்பரை எங்கள் ரத்தம் என்று பெருமை பேசுவார். அக்காவிடம் அந்த ஊர் சிம் கிடையாது, வீட்டு வைஃபைதான். இரண்டாவது வாரம், அக்காவின் வீடியோ கால் தன் மீட்டிங் நெட்டை இழுக்கிறது என்று சொல்லி உதய் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். பகலில் உங்களுக்கு நெட் எதற்கு, டிவி பாருங்கள் என்றாராம்.

ஜெசிந்தா ஆபீஸ் போய்விட்டு சாயங்காலம்தான் வருவாள். அவள் போனிலிருந்து அக்கா பேசியபோது, மதியம் சாப்பிட்டேன் என்று அண்ணன் பொய் சொன்னார். மறுநாளும் மதியம் போன் வரவில்லை, அவரும் சாப்பிடவில்லை. நான்கு மணிக்கு பாத்ரூமில் விழுந்த சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. கதவை உடைத்து, ஆட்டோவில் போட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இன்னும் அரை மணி போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். விஷயம் கேட்டு அக்கா பதறியபோது உதய் சொன்னது ஒரே வார்த்தை: மாமா பாட்டுக்கு சாப்பிட்டிருக்கலாமே. அந்த வார்த்தையை அக்கா விழுங்கிக்கொண்டாள், ஆனால் அது அவளுக்குச் செரிக்கவே இல்லை.

இந்த வருஷம் ஜெசிந்தாவுக்கு முட்டியில் ஆபரேஷன். கூட இருக்க ஒரு மாதம் ஆள் வேண்டும். உதய் டிக்கெட் அனுப்பிவிட்டு, சிம் எதுவும் வேண்டாம், வீட்டில் வைஃபை இருக்கிறது என்று மெசேஜும் அனுப்பியிருந்தார். அக்கா அந்த மெசேஜோடு கடைக்கு வந்து போனைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"டீனா, அந்த ஊர்ல எனுக்குன்னு ஒரு நெட்டு வோணும். யார் ஊட்டு நெட்டும் வோணாம்."

இங்கிருக்கிற சிம்மிலேயே ரோமிங் பேக் போடலாம், ஆனால் அது நாலைந்து நாள் போகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். சிம் கார்டே இல்லாமல் போனுக்குள்ளேயே ஏறுகிற இசிம்மை அக்காவின் போன் ஏற்காது. அங்கே ஏர்போர்ட்டில் வெளியே வருவதற்கு முன்பே கவுண்டர் இருக்கும், முப்பது நாளுக்கு ப்ரீபெய்ட் சிம் கிடைக்கும், அதுதான் சரி என்றேன். நம் சிம் முதல் ஓட்டையில் இருக்கட்டும், அதில் டேட்டாவை அணைத்துவிட வேண்டும், புதுசு இரண்டாவதில். எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வரியில் 'பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும்' என்று எழுதினேன். திரும்ப வாங்க வேண்டும் என்று எழுதவில்லை. அதையெல்லாம் யாராவது எழுதுவார்களா?

கவுண்டரில் இருந்த பெண் தமிழ் பேசினாள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்தாள், சிம்மைப் போட்டாள், நெட் வந்தது. அக்கா அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டு 'மேல வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். அந்தப் பெண் பாஸ்போர்ட்டோடு பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடி வந்தாள்.

"இருக்கட்டும்மா. ஊருக்குப் போகச்சொல்ல சிம்ம குட்த்துட்டு வாங்கிக்கறேன்" என்றாள் அக்கா.

லேம்ப் ரூம்காரன் பெண்டாட்டி வேறென்ன நினைப்பாள்? ஒன்றை வைத்தால்தான் ஒன்று கிடைக்கும், ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது திரும்பும். அவள் புத்திக்கு அது நியாயமான ஏற்பாடு. அந்தப் பெண் சிரித்தபடி பாஸ்போர்ட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். வாசலில் காத்திருந்த உதய் இதையெல்லாம் பார்த்துவிட்டார். அன்றைக்கே சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டும் விட்டார். பங்காருபேட்டையிலிருந்து கோலார் வரைக்கும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் கடைக்கு வந்த நாலு பேரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

காரில் போகும்போது உதய் வழியெல்லாம் பாடம் நடத்தினாராம். வயசானவர்களை நெட்டில் ஏமாற்றுகிறார்கள், சிம்மைக் கழற்றிக் கொடுங்கள், கேட்டால் நான் வைஃபை கொடுக்க மாட்டேனா என்று.

"நீங்க குட்த்தத தான் பாத்தனே மாப்ளே" என்று சொல்லிவிட்டு அக்கா போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அப்புறம் தினமும் நம் ஒரு மணிக்கு, அங்கே மூன்றரைக்கு, போன் வந்தது. கேரியர் எடுத்துக்கொண்டு போய் அண்ணனுக்குச் சாப்பாடு போடுவது என் பொறுப்பு. அதனால் பத்தொன்பதாம் நாள் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்று அக்கா வீடியோவில் வந்து 'மேல வந்துட்டேன்' என்றாள். அண்ணன் அப்போதுதான் தட்டை இழுத்தார். அக்காவின் பின்னால் கதவில் உதய், மடியில் இருக்க வேண்டிய லேப்டாப் மார்பில், முகமெல்லாம் வேர்வை. வீட்டு வைஃபையும் அவர், ஜெசிந்தா இரண்டு பேர் போன் நெட்டும் ஒரே கம்பெனி, எல்லாம் சேர்ந்து படுத்துவிட்டன. பெரிய முதலாளியோடு மீட்டிங், ஆரம்பித்தே விட்டது. அந்த வீட்டில் உயிரோடு இருந்த ஒரே நெட் அக்காவின் ப்ரீபெய்ட் சிம்தான். உங்கள் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள் அத்தை என்று கேட்டார். அக்கா திரும்பாமல் கையை மட்டும் தூக்கினாள்.

"அத்தை, மாமா பாட்டுக்கு சாப்புடட்டும், போன கட் பண்ணுங்க" என்றார் உதய்.

மூன்று வருஷம் முன்னால் சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை அக்கா அதை விழுங்கவில்லை.

"உங்க மாமா துன்னு முடிக்கட்டும் மாப்ளே. அதுவரிக்கும் நில்லுங்க."

நின்றார். வேறு வழி? நான் நல்லவள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அண்ணனிடம் மெதுவாகச் சாப்பிடச் சொன்னேன். இன்னொரு கரண்டி சோறும் வைத்தேன். அண்ணன் கொத்தவரங்காயை ஒவ்வொன்றாக மென்றார். கடைசியில் காலித் தட்டைத் தூக்கி போனுக்கு முன்னால் காட்டினார்.

அக்கா அதன் பிறகு மருமகன் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினாள்.

"வெளக்கு வோணும்னா டோக்கன் வெக்கணும். வெய்ங்க."

முதலில் அவருக்குப் புரியவில்லை. அக்கா ஹால் சுவரைக் கண்ணால் காட்டினாள். தாத்தாவின் ரத்தம்தானே, அப்போது புரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தார். அக்கா ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டாள்.

மீட்டிங் முடிந்து அவர் டோக்கனைக் கேட்டபோது, அது உங்கள் மாமா கையில் இருக்கும், நேரில் வந்து அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே ஊருக்குக் கொண்டுவந்து, சட்டத்தைப் பிரித்து, சமையல்கட்டு வாசலில் ஆணியடித்து மாட்டிவிட்டாள்.

ஆணியில் டோக்கன் தொங்கினால் இந்த மனுஷர் சாப்பிட மாட்டாரே! மறுநாள் மதியம் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் கேரியரோடு ஓடினேன். ஒரு மணிக்கு அவள் போன் வந்தது. வைத்துவிட்டு அண்ணன் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் பயந்துகொண்டே ஆணியைக் காட்டி, மாப்பிள்ளை டோக்கன் இன்னும் தொங்குகிறதே அண்ணே என்றேன்.

அண்ணன் அதை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"என் ஆளு மேல வந்துட்சி. அந்த ஆளுக்காகலாம் நான் பட்னி கெடக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, சோற்றில் குழி பண்ணி ரசம் கேட்டார்.