காலையில் இல்லாத சர்க்கரை

தில்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு ஒரே குளியலறை. தீபாவளி கழிந்து, காற்று அழுக்குப் பிடித்துப் போன வாரத்தில் அங்கே எறும்பு வந்தது. கமோடின் விளிம்பில் சிற்றெறும்புகளின் ஒரு வரிசை. குளிர் தொடங்கிய பிறகு எறும்பு ஏது என்று பினாயில் ஊற்றித் தேய்த்தேன். மறுநாள் மாலை அதே இடத்தில் அதே வரிசை.

என் கணவரின் முகம் தொங்கிப்போயிற்று. அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் எறும்பு வரும் என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் கழிப்பறையில் எறும்பு மொய்த்தால் யாரைச் சந்தேகப்படுவது? பாவம், சோற்றை விட்டார். சர்க்கரை போடாத டீயைக்கூட விட்டார். எறும்பு மட்டும் விடவில்லை.

எனக்கு வேறு கவலை. கண்ணுக்குள் அழற்சி என்று நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அது இல்லாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் முதலிலேயே பச்சையாகச் சொல்லிவிட்டார். முகம் பூசணிக்காயாக ஊதியதையும் அதற்காகப் பொறுத்துக்கொண்டேன். இப்போது என்னவென்றால், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்வை மங்கத் தொடங்கியது. நான் வேலை பார்க்கும் பேங்கில் என் எதிரே நிற்பவரின் மூக்கும் வாயும் ஒன்றாகக் குழைந்து தெரியும். நாக்கு வறளும், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பேன். காலையில் எழுந்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். டாக்டரிடம் காலையில்தான் போவேன். அழற்சி அடங்கியே இருக்கிறது என்பார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை நார்மல்.

"ஏங்க, வெளியில மூட்டமா இருக்கா?" என்று கணவரைக் கேட்பேன்.

"தில்லியில எப்போ இல்ல? எனக்கும்தான் எதிர் பில்டிங் தெரியல. ஜன்னலச் சாத்து, ஜல்தி" என்பார்.

அவருக்கு எதிர்க் கட்டடம் தெரியவில்லை. எனக்கு அவரே தெரியவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

தன் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவர் மட்டும் சென்னை போனார். இனி சில நாளைக்கு எறும்புத் தொல்லை இல்லை என்று குளியலறையை ஆசிட் போட்டுக் கழுவினேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கி எழுந்து உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.

வரிசை இருந்தது.

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. ஆனாலும் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கூடத்துக்குப் போய் திரைச்சீலைக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். திரும்பி வந்து, மங்கலாக நெளிந்த அந்தக் கறுப்புக் கோட்டின் முன் நின்றபோது புரிந்தது. இத்தனை நாளும் அவை என்னைத் தேடித்தான் வந்திருக்கின்றன.

அவருடைய சர்க்கரை பார்க்கும் மிஷின் மேசையில் இருந்தது. விரலில் குத்தினேன். எண் கண்ணுக்குப் பிடிபடவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முந்நூற்று எண்பத்தாறு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. மாத்திரை அட்டையை அப்படியே குப்பைக் கூடையில் வீசிவிட்டு அவரைப் போனில் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ நான் ஒரு மாசமா பட்டினி கிடந்தது?"

"என் எறும்புக்குத்தான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். "சோறு கெடக்கு, விடு. மாத்திரைய மட்டும் நிறுத்திடாத. நிறுத்தினா கண்ணு போயிடும்னு சொன்னாங்கல்ல" என்றார். குப்பைக் கூடையிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்தேன். அழுகை வந்தது.

மறுநாள் டாக்டர் விளக்கினார். காலையில் போடும் மாத்திரை மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றுமாம், விடிவதற்குள் இறங்கிவிடுமாம். வெறும் வயிற்று ரத்தத்தில் அகப்படாமல் இருந்தது அதனால்தான். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றார். சர்க்கரையை இப்படியே விட்டால் அதுவும் கண்ணைத்தான் பிடிக்கும் என்றார். இன்சுலின் எழுதிக் கொடுத்தார்.

அதற்கடுத்த காலை, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பார்வை தெளிவாக இருந்தது. மாத்திரையின் நடுவில் ஓடும் மெல்லிய கோடுகூடத் தெரிந்தது. அந்தக் கோட்டைப் பார்க்கும் கண்ணை எனக்கு விட்டுவைத்திருப்பது அதுதான். மதியம் அந்தக் கண்ணைத் தேடி வரப்போவதும் அதுதான். தெரிந்தே விழுங்கினேன்.