சோடா உப்பு என்று நான் எழுதிய சீட்டு

"எழுதிடுவியாமா? அச்சுல வந்துட்டா அப்புறம் திரும்ப வாங்கிக்க முடியாது" என்று மாமா என்னிடம் கேட்டார். மாமா என் அக்காவின் கணவர். அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னபோது அவர் மட்டும் சந்தேகப்பட்டார். நான் என்ன எழுதப் போகிறேன் என்பதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அக்கா பிறந்தது கூரம் கிராமத்தில். சொந்தமாக ஒரு அடி நிலமும் இல்லாத குடும்பம். அப்பாவும் அம்மாவும் பிறர் கழனியில் வேலை செய்தார்கள். எனக்கு ஒரு வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அப்போது அக்காவுக்குப் பதினான்கு வயது. அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அம்மாவையும் என்னையும் செவிலிமேட்டுக்கு அழைத்து வந்து, காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கொதிக்கும் கொப்பரையில் பட்டு நூல் கற்றைகளை முக்கிப் புரட்டும் வேலை. அந்த ஆவியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதியைத் தாண்டியவள், கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வளர்ந்தேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அதைப் பற்றிப் பேச வந்தால், "தோ, இவ ஒருத்தி போதாதா? பத்துப் புள்ளைக்கு சமமா பேசுவா" என்று என்னைக் காட்டுவார்.

நான் ஏனாத்தூர்க் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது, அக்கா பட்டறையில் மீந்த சாயத்தைக் கொண்டுவந்து அம்மாவின் பழைய பருத்தி நைட்டியில் முடிச்சுப் போட்டுத் தோய்த்துப் பார்த்தார். முதல் அலசலிலேயே எல்லாம் போய்விட்டது. "பட்டு புடிச்சிக்கிற சாயத்த பருத்தி ஏன் பாப்பா புடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். நான் பேராசிரியரிடம் கேட்டு வந்து சொன்னேன்: பருத்திக்குச் சாயமே வேறு, கொதிக்க வைக்க வேண்டாம், ஆனால் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் துணியை முதலில் ஊறவைக்க வேண்டும். சொன்னது நான். மற்றதையெல்லாம் கண்டுபிடித்தது அக்கா.

புதுத் துணியில் இருக்கும் கஞ்சி முழுவதும் போகும்வரை சுடுநீரில் துவைக்க வேண்டும் என்பார். மொச்சைக்கொட்டை வைத்துக் கட்டினால் பெரிய வட்டம், பச்சைப்பயறு வைத்துக் கட்டினால் சின்ன வட்டம். சாயம் ஊற்றியதும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, காயாமல் ஒரு முழு நாள் வைத்துவிட வேண்டும். முடிச்சை அவிழ்க்காமலேயே பச்சைத் தண்ணீரில் தெளிவாக வரும்வரை அலசி, பிறகு அவிழ்த்துச் சுடுநீரில் ஒருமுறை அலசி, நிழலில் உலர்த்துவார். "அவசரப்பட்டு அவுத்தீனா வெள்ளையெல்லாம் அழுக்காயிடும்" என்பார். அவர் சாயம் போட்ட துப்பட்டாவும் சட்டையும் உங்களில் பலரிடம் இருக்கும். இன்னும் மங்கியிருக்காது.

ஒன்று மட்டும் மங்கியது. அதைத்தான் எழுத வந்தேன்.

கிறிஸ்துமஸுக்குச் சபைப் பாடகர் குழுவின் பெண்களுக்கு வெள்ளையும் நீலமுமாகத் துப்பட்டா வேண்டும் என்று டீச்சரம்மா கேட்டார். பாடகர் குழுவுக்கும் சபையின் பெண்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. துப்பட்டாக்கள் நன்றாக வந்தால், சங்கம் புதிதாகத் தொடங்கும் சாய வகுப்பை அக்காவே நடத்தலாம் என்றும் சொல்லியிருந்தார். பட்டறையை விட்டுவிட அக்கா அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

சாயமும் சோடாவும் எப்போதும் நானே வாங்கி வருவேன். இந்த முறை, மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. ஒரு சீட்டில் "சோடா உப்பு" என்று எழுதி அக்காவிடம் கொடுத்தேன்.

"பாப்பா, துணி தோய்க்கிற சோடாவா, ஆப்பத்துக்குப் போடற சோடாவா?"

"சீட்டுலதான் எழுதிக்கிதே. நீ கடையில குடு, அவங்க படிச்சிப்பாங்க."

கடைக்காரர்களுக்குச் சோடா உப்பு என்றால் ஆப்பச் சோடாதான். நான் எழுதியிருக்க வேண்டியது சலவைச் சோடா என்று. கடைக்காரர் படித்தார், கொடுத்தார். மாலையில் அக்கா அதைத் தண்ணீரில் கரைத்துவிட்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"எப்பவும் கை வழவழன்னு இருக்கும். இன்னிக்கி அப்பிடி இல்லியே."

நான் புத்தகத்தைவிட்டு நிமிரவில்லை. "அளவு சரியா போட்டல்ல? அப்ப சரியாத்தான்கா இருக்கும்" என்றேன்.

இரண்டு முறை கேட்டார். எழுத்து தெரியாதவருக்கு இரண்டு முறையும் சரியான சந்தேகம் வந்தது.

அலசியபோது தண்ணீர் தெளிய வழக்கத்தைவிட வெகுநேரம் ஆயிற்று. ஆனாலும் காய்ந்து மடித்தபோது நீலம் அழகாகத்தான் இருந்தது. கடைசி ஒத்திகை நாளன்று பிற்பகலில் தூறல். நானும் அக்காவும் காத்திருந்த ஆலய வாசலில் பெண்கள் வந்து நின்றபோது எல்லோருடைய வெள்ளைச் சட்டையிலும் நீலம் இறங்கியிருந்தது. "இன்னாமா இது, ஹோலி ஆடிக்கினு வந்தாப்பல!" என்றார் டீச்சரம்மா. சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் அழுதாள். ஆப்பச் சோடா என்று அச்சடித்த காலி உறையைக் காலையில்தான் எங்கள் சமையலறையில் பார்த்திருந்தேன். எனக்கு எல்லாம் அப்போதே புரிந்துவிட்டது.

"யாரு பண்ணது?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"அக்கா கடையில சோடாவ மாத்தி வாங்கிட்டாங்க டீச்சர்" என்றேன்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "ஆமா டீச்சரம்மா. எனக்குத்தான் எழுத்து தெரியாதே" என்றார்.

வீட்டுக்குத் திரும்பிய டவுன் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அக்காதான், "அவ்ளோ ஆப்ப சோடா போட்டும் ஒரு துப்பட்டாகூட உப்பலியே பாரு" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. சாய வகுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மட்டுமே சேர்ப்பது என்று சங்கம் ஒரு விதியும் போட்டது. அக்கா பட்டறையிலேயே இருந்தார். பட்டம் வாங்கிய அன்று நான் போட்டிருந்த அங்கிக்கு அவர்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை வந்தபோது, பட்டறைச் சாயம்தான் கண்ணில் தெரிகிறது என்று விளையாட்டாகச் சொல்லி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப் போட்டார். பிறகு மூன்று வாரம் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். நான் கூடவே இருந்தேன். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட எத்தனையோ பகல்கள் கிடைத்தன. சொன்னால் அவர் என்னைத் தேற்றத் தொடங்குவார், அதைத் தாங்க முடியாது என்று நினைத்துச் சும்மா இருந்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துதான் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலய ஆராதனை தொடங்கும் நேரத்தில் அக்கா எங்களைவிட்டுப் போனார்.

அவருக்கு இரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அடக்கத்தன்று எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபோது தெரு முழுவதுக்கும் சமைத்துப் போட்ட செவிலிமேட்டு அண்டை வீட்டாருக்கும், கூரத்திலிருந்து வந்து அம்மாவுக்குத் துணையாகத் தங்கிய உறவினருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. மூன்று வாரமும் ஒரு நாள்கூட வீட்டுக்குப் போகாத மாமாவுக்கு என் நன்றியைத் தனியாகச் சொல்கிறேன். இதைப் படித்த பிறகு என்மீது கோபப்படுகிறவர்கள் கோபப்படலாம். அக்கா சோடாவை மாற்றி வாங்கவில்லை என்பது மட்டும் உங்கள் மனத்தில் நிற்க வேண்டும்.

இந்த மலர் அச்சுக்குப் போவதற்கு முன்பே டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ போயி ஒரு வருஷம் ஆவுது. இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்றார் அவர்.

"அந்த ரூல எடுத்துடுங்க டீச்சர். அது எங்கக்காவால வந்தது இல்ல, என்னால வந்தது."

"நான் ஒருத்தி முடிவு பண்ண முடியாதுமா. அடுத்த மாசம் கமிட்டி வெச்சி பேசணும்."

நான் அடுத்த மாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. எங்கள் தெருவில் எழுத்து தெரியாத பெண்கள் இருவர் சாயம் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன சனிக்கிழமை அவர்களைச் சங்கத்துக்கு அழைத்துப் போய், வகுப்புப் பதிவேட்டில் இருவருடைய பெயரையும் என் கையால் எழுதினேன். கையெழுத்துக்கான கட்டத்தில் அவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.