இசொபே சிசுரு பேசிய பதினைந்து நிமிடம்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். முப்பத்தோரு வருஷமாகப் பால் டேங்கர் ஓட்டுகிறேன். விடிவதற்குள் ஒவ்வொரு பண்ணையாகப் போய், குழாயைச் சொருகி, பாலை உறிஞ்சிக்கொண்டு ஆலைக்குக் கொண்டுபோகிற வேலை. நாள் முழுக்க வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவன் இறங்கின இடத்தில் பேசாமல் என்ன செய்வான்? இந்த வாயால்தான் இசொபே சிசுருவை அந்தக் கூட்டத்துக்குப் போக வைத்தேன். ஆகவே இதை நானே சொல்வதுதான் நியாயம்.

சிசுரு குஷிரோ துறைமுகத்து மீன்கடைக்காரர் மகள். என் பள்ளித் தோழன் தோஷிமிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு ஹொக்கைதோத் தீவில் இருக்கிற எங்கள் ஊர் நுப்பெத்சுக்கு வந்தபோது மாட்டைக் கண்டாலே நடுங்குவாள். வந்த முதல் வாரம் ஒரு கறவை தலையை ஆட்டியதற்கு வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஊரே சிரித்தது, நானும்தான். அப்படிப்பட்டவள், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புல் அறுக்கப் போன தோஷிமிச்சி வயலிலேயே சாய்ந்துவிட்ட பிறகு, நாற்பத்தேழு மாடுகளையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தாள். இன்றைக்கு விற்பாள், நாளைக்கு விற்பாள் என்று காத்திருந்தவர்களுக்கெல்லாம் காத்திருந்ததுதான் மிச்சம்.

ஆனால் பேச்சு மட்டும் வராது. புருஷன் துக்கத்தில் வந்தவர்களுக்குக் குடும்பத்தின் சார்பில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் கொழுந்தன்தான் காகிதத்தை வாங்கிப் படித்தான்.

துக்கம் முடிந்து சில வருஷம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கத்து நாடுகளோடு ஒரு வர்த்தக ஒப்பந்தம் வந்தது. அரசாங்கம் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால் நாடு சேர்ந்துவிடும். சேர்ந்தால் வெளிநாட்டுச் சீஸ் மேல் இருக்கும் சுங்க வரி போய்விடும். எங்கள் பக்கத்துப் பால் பெரும்பாலும் சீஸுக்கும் வெண்ணெய்க்கும்தான் போகிறது. ஒப்பந்தம் யாருக்கு நல்லதோ எனக்குத் தெரியாது, எங்களுக்கு நல்லதில்லை.

சிசுருவுக்கு இதில் ஊரைவிட ஒருபடி அதிகம் இருந்தது. வலது தோள் தேய்ந்துவிட்டது, இன்னும் ஒரு குளிர்காலம்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் மிசாதோவும் மருமகன் யூஹேயும் சப்போரோவில் இருந்தார்கள். யூஹே நல்ல பிள்ளை, மழுப்பாமல் சொன்னான்: "ஒப்பந்தம் நின்னுபோச்சுன்னா வசந்தத்துல வந்து பண்ணையை எடுத்துக்கறோம் அத்தை. வந்துடுச்சுன்னா அந்தப் பால் விலையில ரெண்டு குடும்பம் பொழைக்க முடியாது. மன்னிச்சுக்கங்க." ஆக, தோக்கியோவில் யாரோ கை தூக்குவதில்தான் இவளுடைய மாடுகள் நிற்பதும் போவதும் இருந்தது.

இலையுதிர் காலக் கடைசியில் கூட்டுறவு சங்கத்துக்குத் தகவல் வந்தது. ஒப்பந்தத்தைப் பரிசீலிக்கிற கமிட்டியின் எம்.பி.க்கள் எங்கள் பக்கத்து நகரமான ஒபிஹிரோவுக்கே வந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்கப் போகிறார்களாம். ஆதரித்துப் பேச இரண்டு பேர், எதிர்த்துப் பேச இரண்டு பேர். எதிர்ப்பவர்களில் ஒருவரைச் சங்கம் அனுப்ப வேண்டும்.

கூட்டம் போட்டோம். அதுவரை ஒப்பந்தத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிய வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் முளைத்தது. ஒருத்தனுக்குச் சர்க்கரைக்கிழங்கு அறுவடை. இன்னொருத்தனுக்கு மச்சினன் ஆளுங்கட்சி அலுவலகத்தில் வேலை. சங்கத் தலைவர் தெஷிமா கழுத்தைத் தடவிக்கொண்டு, "எனக்குத் தொண்டை சரியில்லப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிசுரு சான் போகட்டுமே" என்றேன்.

"நானா? முராகொஷி சான், உங்களுக்கு என்ன, கிறுக்கா? எங்க வீட்டுத் துக்கத்துலயே என் வாய் தொறக்கலை."

"அது செத்தவரைப் பத்தி. இது மாட்டைப் பத்தி. மாட்டைப் பத்திப் பேச உங்களை விட்டா இங்க யாரு இருக்கா? தொண்டைக்காரரா?"

எல்லோரும் சிரித்தார்கள். தெஷிமாவும் சிரித்தார், தப்பித்த சிரிப்பு. மூன்று நாள் கழித்து சிசுரு சரியென்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் தொழுவத்தில் குரல் கேட்கும். "மதிப்புக்குரிய கமிட்டித் தலைவர் அவர்களே" என்று ஒரு மாட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். கையில் காகிதம், காலில் சாணி பூட்ஸ்.

"தலைவர் எப்படிக் கேக்கறாரு?" என்றேன் ஒரு நாள்.

"அசை போட்டுக்கிட்டே கேக்கறாரு."

"அப்ப நிஜத் தலைவர் மாதிரியேதான். பயப்படாதீங்க."

கூட்டத்தன்று அவளை என் சின்ன வண்டியில் ஒபிஹிரோவுக்குக் கூட்டிப்போனேன். தோஷிமிச்சியின் துக்கத்துக்குப் போட்ட அதே கறுப்பு உடை. காகிதத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மதியச் செய்தி வந்தது.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கத்தினார்: இன்று ஊர்க் கருத்தைக் கேட்டுவிட்டு நாளைக்கே வாக்கெடுப்பு என்று ஆளுங்கட்சி முடிவு செய்துவிட்டது, கருத்துக் கேட்பு வெறும் சடங்கா? அடுத்து ஆளுங்கட்சிக்காரர் அமைதியாகப் பதில் சொன்னார்: கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்துவிட்டால் வாக்கெடுப்புக்கு வேண்டிய எல்லாம் நிறைவேறியதாகத்தான் அர்த்தம், எப்போதும் உள்ள வழக்கம்தானே.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்து வயலில் கிழங்கு மலைபோலக் குவிந்திருந்தது, மேலே லேசாகப் பனி விழ ஆரம்பித்திருந்தது.

"கேட்டீங்களா? கல்யாணத் தேதியைக் குறிச்சுட்டுப் பொண்ணுகிட்டச் சம்மதம் கேக்க வந்திருக்கானுங்க. நீங்க பேசறதுதான் அவங்களுக்குக் கடைசிப் படி. சும்மா திரும்பிடுவோம் வாங்க."

"நான் போகலைன்னா கூட்டம் நின்னுடுமா?"

"வேற யாரையாவது உக்கார வைப்பானுங்க. இல்லேன்னா மூணு பேரோட முடிச்சுக்குவானுங்க" என்றேன்.

"அப்ப, எதிர்ப்பு சொல்ல வர்றேன்னவங்க வரலை, பெரிசா ஆட்சேபணை இல்லைன்னு எழுதுவாங்க." மடியிலிருந்த காகிதத்தை நீவிவிட்டாள். "அவங்களும் மனுஷங்கதானே, முராகொஷி சான். நேரா மூஞ்சியைப் பாத்துச் சொன்னா ஒருத்தராவது கேக்க மாட்டாங்களா? வண்டியை எடுங்க."

எடுத்தேன். அந்த நேரத்தில் திருப்பியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சில நாள் தோன்றுகிறது.

கூட்டம் ஒரு ஹோட்டலில், கல்யாணங்கள் நடக்கிற மண்டபத்தில். எம்.பி.க்கள் ஒரு வரிசை, எதிரே நாலு பேருக்கு மேஜை. பேசுகிறவருக்குப் பதினைந்து நிமிடம். நான் பின் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுக்கு வாய் திறக்க வேண்டுமே என்று என் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திறந்தது. முதல் ஒரு நிமிடம் குரல் ஆடியது. பிறகு காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டாள். மைனஸ் இருபத்தைந்து டிகிரி உறைகுளிரில் கன்று பிறந்தால் அதை வைக்கோலால் தேய்த்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். மாட்டைக் கண்டு ஓடினதைச் சொன்னாள். தோளைத் தொட்டுக் காட்டி, "இது ஒரு குளிர்காலம்தான் தாங்கும். அதுக்கப்புறம் என் பொண்ணு வருவா. நீங்க இதை நிறைவேத்தினா வர மாட்டா. எங்க வீட்டுல இந்த ஒப்பந்தத்துக்கு இதுதான் அர்த்தம்" என்றாள். பதிவுக்காகப் பேச்சைத் தட்டெழுதிக்கொண்டிருந்த பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் கேட்டார்: "விலை உயர்ந்த சீஸ் நீங்களே செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பலாமே அம்மா, இது ஒரு வாய்ப்புன்னு நினைக்கலாமில்லையா?"

"நான் காலைல நாலரைக்கு எழுந்திருக்கேன் ஐயா. ராத்திரி எட்டுக்கு முடியும். நடுவுல அந்தச் சீஸை எப்பச் செய்யலாம்னு நேரம் சொன்னீங்கன்னா செய்யறேன்."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் சிசுரு எழுந்து நின்று, "இவ்வளவு தூரம் வந்து எங்க பேச்சைக் கேட்டதுக்கு மனசார நன்றி" என்று இடுப்பு வளைய வணங்கினாள். அவர்கள் நாலு மணி விமானத்துக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கேட்டாங்கல்ல? நடுவுல உக்காந்திருந்தாரே நரைச்ச முடிக்காரர், அவர் எழுதிக்கிட்டே இருந்தாரு" என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் மதியம் சங்க அலுவலகத்து டிவி முன்னால் எல்லோரும் கூடியிருந்தோம். கமிட்டி அறையில் எதிர்க்கட்சிக்காரர்கள் தலைவர் மேஜையைச் சூழ்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நரைத்த முடிக்காரர் எழுந்தார். ஊருக்கே போய்க் கருத்துக் கேட்டாயிற்று, போதிய விவாதம் நடந்துவிட்டது என்றார். "ஹொக்கைதோவில் ஒரு பெண் விவசாயி, தங்கள் குரலைக் கேட்க வந்ததற்காக எங்களுக்கு மனசார நன்றி சொன்னார். அந்த நன்றியை நெஞ்சில் ஏந்தி..." மீதி கூச்சலில் கேட்கவில்லை. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கும்படி தலைவர் சொன்னார். நின்றார்கள். பெரும்பான்மை, நிறைவேறியது. என் டேங்கரில் குழாயை மாட்டுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

யாரோ டிவியை அணைத்தார்கள். சிசுரு என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். தெஷிமாதான் மெல்ல ஆரம்பித்தார்: "அந்த நன்றியை மட்டும் சொல்லாம வந்திருக்கலாம்..."

"தொண்டை சரியாயிடுச்சா?" என்று எழுந்தேன் நான். அடிக்கத்தான் எழுந்தேன். சிசுரு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வந்தவங்களுக்கு நன்றி சொல்லாம எப்படி அனுப்பறது?" என்றாள் தெஷிமாவைப் பார்த்து. சண்டையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. எங்களில் யாருக்குத்தான் தெரியும்? நான் போயிருந்தாலும் அதையேதான் சொல்லி, அதே மாதிரி வளைந்திருப்பேன்.

அதன் பிறகு ஊரில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால், "நம்ம நுப்பெத்சு பொம்பளையைக் காட்டித்தானே நிறைவேத்தினாங்க" என்று பேச்சு. வருஷம் முடிவதற்குள் கீழ்சபையும் மேல்சபையும் ஒப்புக்கொண்டன. மிசாதோ போனில் அழுதாளாம். சிசுரு அவளுக்குச் சமாதானம் சொன்னாளாம்.

பனி இன்னும் உருகாத மார்ச்சில் மாடுகளை விற்க முடிவாயிற்று. கடைசி நாள் பால் எடுக்கப் போனேன். குழாயைக் கழற்றும்போது, "கையைக் கழுவிட்டு உள்ள வாங்க, ஒரு காகிதம் காட்டணும்" என்றாள்.

சமையலறை மேஜையில் நாடாளுமன்றத்திலிருந்து வந்த உறை. கூட்டத்தில் பேசியவர்களின் பேச்சைப் பதிவேட்டில் ஏற்றப் போகிறார்களாம். சரிபார்த்து, திருத்தம் இருந்தால் குறித்து, இல்லாவிட்டால் 'திருத்தம் இல்லை' என்ற இடத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்தி அனுப்ப வேண்டுமாம். மரியாதையான கடிதம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இப்பவா? எல்லாம் முடிஞ்சப்புறமா? கிழிச்சு அடுப்புல போடுங்க! இல்லேன்னா அந்த நன்றி சொன்ன வரியையாவது அடிச்சு விடுங்க. சிவப்பு மையால அடிங்க."

"சொன்னேனே. சொன்னதை இல்லைன்னு எப்படி அடிக்கறது?"

காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். படித்தேன். உறைகுளிரும் வைக்கோலும் இருந்தன. மாட்டுக்குப் பயந்து ஓடினது இருந்தது. தோள், குளிர்காலம், பொண்ணு வர மாட்டா, நாலரை மணி, சீஸ், சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு, எல்லாம். அவள் எங்கே மூச்சு வாங்கினாளோ அங்கே காற்புள்ளிகூட வைத்திருந்தார்கள்.

"இத்தனை நாளா ஒண்ணை நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன், முராகொஷி சான். எனக்குச் சரியாப் பேச வரலை, அதான் அவங்களுக்குப் புரியலைன்னு." முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றினாள். "ஒரு வார்த்தைகூட விடலை. எல்லாத்தையும் கேட்டிருக்காங்க."

முத்திரையைக் குத்தினாள். கோணாமல் நேராக விழுந்தது. வெளியே மாடு ஏற்றும் லாரி பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டது. பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள்.