நூற்று அறுபத்து மூன்று

தம்பி குவைத்திலிருந்து வாங்கிவந்த கறுப்புக் கைக்கடிகாரம் நாடித்துடிப்பைக் காட்டும். என் வயதைக் கேட்டுக்கொண்டு, இருநூற்று இருபதிலிருந்து அதைக் கழித்து, என் இதயம் துடிக்கக்கூடிய உச்சம் நிமிடத்துக்கு நூற்று எழுபத்தேழு என்று அதுவே முடிவுசெய்துவிட்டது. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று. அப்பா நாற்பத்து நாலு வயதில், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த வயலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. அந்த வயதைத் தாண்டிவிட வேண்டும் என்றுதான் ஓடத் தொடங்கினேன்.

கூட ஓடியவர் என் நாத்தனார். கணவரின் அக்கா, அண்ணி என்று கூப்பிடுவேன். நர்ஸ் வேலை. விடிந்ததும் வாய்க்கால் கரையில் சுடிதாரும் ஷூவுமாக எனக்காக நிற்பார்.

கடிகாரம் தன் கணக்குப்படி எனக்கொரு வேகம் வகுத்துக் கொடுத்தது. அதை விடாமல் பிடித்தேன். நான்கு மாதத்தில் ஓட்டம் கூடவில்லை, அலுப்புதான் கூடியது. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போதே தலை சாய்ந்தது. மாடிப்படியில் கால் கனத்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ என்று யாரிடமும் சொல்லாமல் பயந்தேன். அண்ணி கண்டுபிடித்துவிட்டார். நாகப்பட்டினத்துக்கு அழைத்துப்போய் எல்லாச் சோதனையும் செய்யவைத்தார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, தாராளமாக ஓடலாம் என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "இந்த நூத்தி எழுபத்தேழு உன்னோடதுன்னு யாரு சொன்னா? ஒரே வயசுக்காரங்க பத்து பேரு வந்தா, பத்து பேருக்கும் நாடி வேற வேற மாதிரி இருக்கு. ஓடிப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும்."

எங்கள் கீழ்வேளூர்ப் பக்கம் மேடு ஏது? ஏற்றம் வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, இரண்டு முறை வேகமாக ஏறி இறங்கினோம். மூன்றாவது முறை முழு மூச்சாக. பாதியில் தொண்டை காய்ந்து ரத்தம் போலச் சுவைத்தது. அப்பா உட்கார்ந்த இடம் நினைவுக்கு வந்தது. நின்றுவிடலாம் போலிருந்தது. "நான் இருக்கேன், ஓடு," என்றார் அண்ணி, இரைக்க இரைக்க. உச்சியில் கைப்பிடிச் சுவரில் சரிந்தேன். என் கழுத்தில் விரல் வைத்து எண்ணினார், கடிகாரத்தையும் பார்த்தார். நூற்று அறுபத்து மூன்று. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏறினோம். அதே எண்.

"கம்மியா இருக்கே அண்ணி."

"கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்ல. இது உன் அளவு. இத்தன நாளா யாரோட அளவுக்கோ ஓடிருக்க. அலுக்காம என்ன செய்யும்?"

அதற்குப் பிறகு, நூற்று அறுபத்து மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு, பால்காரரின் சைக்கிள் சாவகாசமாக முந்திப்போகும் வேகத்தில் ஓடினேன். வெட்கமாக இருந்தது. இரண்டு மாதத்தில் அலுப்பு வடிந்தது. நாற்பத்து நாலும் வந்தது, போனது.

அண்ணிக்கு வேதாரண்யத்துக்கு மாற்றல். அங்கே ஆள் போதவில்லை. ஒருவரே இரண்டு பேர் வேலை பார்க்க வேண்டும். அவருடைய ஓட்டம் நின்றுபோனது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியிலேயே அவருக்குக் கண் சொருகியது. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"உங்களோடது எத்தனைன்னு அன்னைக்கு பாக்கவே இல்லையே அண்ணி."

"நீ விழுந்துடக் கூடாதேன்னு உன்னையே பாத்துக்கிட்டு ஓடினேன்," என்றார், கண்ணைத் திறக்காமல்.

"நாளைக்கு லீவு போடுங்க. டாக்டர்கிட்ட போவோம்."

அதற்குள் தூங்கிவிட்டிருந்தார். நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டு, அவர் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.