ஆடுதானே என்று கேட்ட அத்தான்

தட்டில் இருந்தது இரண்டு விரல் தடிப்பான ஒரு துண்டு. நடுவில் ரோஸ் நிறம், ஓரத்தில் எலும்பு. மாட்டு விலாவை முழுதாக ஓவன் அடுப்பில் வேகவைத்து அறுத்துத் தருவதுதான் அந்த ஸ்டேக் கடையின் பெயர்போன சாப்பாடு. ஆறு வருடத்துக்கு முன் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது மேலாளர் அங்கே விருந்து வைத்தார். வீட்டாரில் ஒருவரையும் கூட்டிவரச் சொன்னார். அக்காவுக்கு அன்று வேலை, அத்தான் வந்தார். பெற்றோல் நிலையத்தில் கால் வீங்க நின்று என்னைப் படிப்பித்தவர் அவர்.

அத்தான் ஆடு, கோழி சாப்பிடுவார், வெள்ளிக்கிழமை தவிர. மாடு அவர் வாயில் பட்டதில்லை. லூயிஷாம் சிவன் கோயிலில் நந்தியைக் கும்பிட்ட பிறகுதான் சிவனிடமே போவார். இது தெரிந்தும், மேலாளர் எல்லோருக்கும் அதையே ஓடர் பண்ணியபோது நான் வாய்மூடி இருந்தேன். தட்டு வந்ததும் அத்தான் என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இது ஆடுதானே?"

மேலாளர் சிரித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் இதைச் சாப்பிடமாட்டார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். சொல்லியிருந்தால் கோழி வந்திருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

"ஓம் அத்தான், ஆடுதான்."

நம்பிவிட்டார். "உள்ளுக்கை இரத்தம் கிடக்கு, இன்னும் கொஞ்சம் வாட்டச் சொல்லு" என்றார். பரிமாறிய பெண் முகம் கோணாமல் வாட்டிக்கொண்டு வந்தாள். ருசித்துச் சாப்பிட்டவர், பாதியை அக்காவுக்கென்று பெட்டியில் வாங்கிக்கொண்டார். வீடு இருக்கும் லூயிஷாம் வரைக்கும் ரயிலில் எத்தனை ஸ்டேஷன்! ஒன்றிலாவது நான் வாய் திறந்திருக்கலாம். அக்காவும் சாப்பிட்டாள். நானும் ஒரு மனிதன் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அத்தானுக்கு அறுபது வயது. எங்கே சாப்பிடப் போகலாம் என்று கேட்டேன்.

"அந்த ஆட்டிறைச்சிக் கடைக்கே போவம். அக்காவையும் கூட்டிக்கொண்டு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அதைப் பூட்டிப்போட்டாங்கள், அத்தான்" என்றேன். கடை இன்றும் திறந்துதான் இருக்கிறது.

அத்தானின் முகம் வாடியது. "பாவம், எனக்காகத் திருப்பி வாட்டித் தந்த பிள்ளை. அவளுக்கு வேறை வேலை கிடைச்சுதோ தெரியாது. வெள்ளிக்கிழமை கோயிலிலை அவளுக்கும் சேத்துக் கும்பிடுறன்" என்றார்.