அளவுச் சட்டையும் கருநீல ஜக்கெற்றும்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்டில் அந்த அடுக்குமாடியில் ஜெயமலரைத் தெரியாத தமிழர் இல்லை. அங்கிருந்த பெண்களில் முதலில் கார் ஓடப் பழகியவள் அவள்தான். அதுவும் ஒரே தடவையில் லைசென்ஸ் எடுத்தவள். கணவர் பத்மநாதனுக்கு இரண்டு தடவை வேண்டியிருந்தது என்பதை அவர் இருக்கும் இடத்தில் அவள் சொல்வதில்லை. பகலில் மருந்துப் போத்தல்கள் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றாள். மாலையில் ஆங்கிலம், கணக்கு, கொம்பியூட்டர் என்று வகுப்புகளுக்கு ஓடினாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன குடும்பத்தில் பிறந்தவள், கனடாவில் வந்து ஒன்றுக்கு மூன்று சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தாள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு வங்கி அவளை நேர்முகத்துக்கு அழைத்தது. கவுண்டரில் காசாளர் வேலை. எத்தனையோ இடத்துக்கு எழுதிப்போட்டதில் வந்த முதல் அழைப்பு. தலையில் வலையும் கையில் உறையும் போடாமல், தன் பெயர் பொறித்த பலகைக்குப் பின்னால் நின்று செய்கிற வேலை. அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

வேலை தேடுவோருக்கான வகுப்பில் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லியிருந்தார்கள். உடுப்புக்கு மேல் கோட்டு மாதிரி ஜக்கெற் போடாமல் வங்கிக்குப் போகக்கூடாது. இருக்கும்போது பட்டனைத் திறக்கலாம், எழும்பினால் பூட்ட வேண்டும். கறுப்புப் பாவாடை அவளிடம் இருந்தது. ஜக்கெற்றுக்கு இரண்டு சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினாள். ஜெயமலர் கட்டையான ஆள், தோள் அகலம். தோளுக்குச் சரியானது கைவிரலை மூடியது. கைக்குச் சரியானது முதுகைப் பிடித்து இழுத்தது. ஒரு கடைக்காரப் பெண் சிறுமிகளின் பகுதியைக் கை காட்டினாள். ஜெயமலர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் இன்ரநெற்றில் தேடினாள். கட்டையான பெண்களுக்கென்றே உடுப்பு வைத்திருந்த கடை ஒன்று அகப்பட்டது. மார்பளவையும் இடுப்பளவையும் தட்டினால் என்ன சைஸ் என்று அதுவே சொல்லும். இன்ரநெற்றும் ரெலிபோன் லைனில்தான் வந்தது என்பதால், அவள் கொம்பியூட்டரில் இருந்தால் வீட்டு ரெலிபோன் வேலை செய்யாது. தன் தங்கச்சி கோல் எடுக்க முடியாமல் இருக்கிறாள் என்று பத்மநாதன் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் புறுபுறுத்தார். படத்தைப் பார்த்து உடுப்பு வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

அளவு கேட்டதும் ஜெயமலர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நேரே அலுமாரிக்குப் போய் அளவுச் சட்டையை எடுத்து வந்தாள்.

அவளை யாரும் அளவு நாடாவான ரேப்பை வைத்து அளந்ததே கிடையாது. ஊரில் சாறிச் சட்டை தைக்க வேண்டுமென்றால், நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைப் புதுத் துணியோடு பையில் போட்டுத் தையற்காரரிடம் அனுப்புவார்கள். அந்தச் சட்டைதான் அளவு. ஆளை அளக்கிற வேலையே இல்லை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் தைக்கிற பெண்ணிடம் பைதான் போய் வந்தது. ஆகவே அவள் அந்த அரக்குச் சட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சுருக்கம் எடுத்து, மார்புக்குக் குறுக்கே ரேப்பை வைத்து இரட்டித்தாள். முப்பத்தாறு. பிறகு சட்டையின் கீழ் ஓரத்தை அளந்து இரட்டித்தாள். இருபத்தொன்பது. தையற்காரர்கள் அந்த ஓரத்தைத்தான் இடுப்பு என்பார்கள். அவளும் அதையே இடுப்பு என்று தட்டினாள். கொம்பியூட்டர் ஒரு சைஸைச் சொன்னது. கருநீல நிறத்தில் ஒன்றுக்கு ஓடர் கொடுத்தாள்.

நேர்முகத்துக்கு முந்திய வாரம் வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. துணி நல்ல துணி. தோள் அளந்து வெட்டியதுபோல் உட்கார்ந்தது, கை மணிக்கட்டோடு நின்றது. கண்ணாடிக்கு முன்னால் நின்று பெருமையோடு பட்டனைப் பிடித்து இழுத்தாள். பட்டன் ஓட்டைக்குக் கிட்டவும் போகவில்லை. வயிற்றை எக்கிப் பார்த்தாள். அப்போதும் நடுவில் ஒரு கை அகலம் வெளி தெரிந்தது.

"திறந்துவிட்டபடி போம். பட்டனை ஆர் பார்க்கப்போறான்?" என்றார் பத்மநாதன்.

"எழும்பினால் பூட்ட வேணும். அதைத்தான் முதல் பார்ப்பினமாம்."

பிழை கடைக்காரனுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஜெயமலர் கணக்குப் படித்தவள். இரண்டு தடவை அளந்து, இரண்டு தடவை சரிபார்த்துத்தான் தட்டியிருந்தாள். பெட்டியில் இருந்த இலக்கத்துக்குக் கோல் எடுத்து, அனுப்பியது தவறான சைஸ் என்று ஆங்கிலத்தில் நல்ல உரப்பாகவே சொன்னாள். மறுபக்கத்தில் பேசிய பெண் கோபிக்கவில்லை. இடுப்பை எந்த இடத்தில் அளந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். இடுப்பை இடுப்பில்தான் அளந்தேன் என்றாள் ஜெயமலர். அப்படியானால் எழுந்து நின்று ஒரு பக்கமாகச் சரியுங்கள், உடம்பு எங்கே மடிகிறதோ அங்கே விரலை வையுங்கள், அதுதான் எங்கள் ஜக்கெற்றின் இடுப்பு என்றாள் அந்தப் பெண்.

ஜெயமலர் ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குசினி நடுவில், அடுப்புக்கு முன்னால் நின்று இடப்பக்கம் சரிந்தாள். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த பத்மநாதன் வாசலில் நின்றுவிட்டார்.

"என்னப்பா, கடைக்காரன் உம்மை ஆட வைக்கிறானோ?"

ஜெயமலர் குனிந்தாள். விரல் நின்ற இடத்தைப் பார்த்தாள். அளவுச் சட்டையின் ஓரம் நெஞ்சுக்கூட்டோடு முடிந்துவிடும். விரலோ அதற்கு ஒரு சாண் கீழே, சாறி கட்டினால் வெறும் வயிறு தெரிகிற இடத்தில் இருந்தது. எந்தத் தையற்காரரும் அளக்காத இடம். அதை மூடுவது சாறியின் வேலை, சட்டையின் வேலை அல்ல. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி, திரும்பக் கூப்பிடுகிறேன் என்று ரிசீவரை வைத்தாள்.

மறுநாள் காலை அளக்கக் கூப்பிட்டது கிளடிஸை. அதே தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்பவள், இரண்டு மாடி கீழே குடியிருப்பவள், யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. வாயில் கட்டுப்பாடு கிடையாது. சுவெற்றரைக் கழற்றச் சொல்லிவிட்டு, மெல்லிய சட்டைக்கு மேலால் ரேப்பைச் சுற்றினாள். ரேப் வயிற்றைத் தொட்டதும் ஜெயமலர் தன்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"மூச்சை விடு மலர். பாங்கிலை நாள் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டே நிக்கப்போறாய்?"

"விட்டால் கூடக் காட்டுமல்லோ, அக்கா."

"காட்டட்டும். உன்ரை வயிறுதானே, வாடகைக்கு எடுத்ததே?"

ஜெயமலர் சிரித்தாள். சிரித்தபோது மூச்சு தானாக வெளியே வந்தது. கிளடிஸ் அந்த நேரம் பார்த்து ரேப்பில் விரலை வைத்துவிட்டாள். முப்பத்துநாலு. மார்பை அளந்தபோது அதுவும் ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. சாறிச் சட்டையை இறுக்கிப் பிடிக்கத் தைப்பார்கள் என்பதும், ஜக்கெற்றுக்குள் ஒரு பிளவுஸ் போட வேண்டும் என்பதும் அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது.

ஜெயமலர் உடனே கோல் எடுத்தாள். அதே பெண்தான் எடுத்தாள். புது அளவைச் சொல்லி, வியாழக்கிழமை காலை நேர்முகம் என்பதையும் சொன்னாள். விரைவு அஞ்சலில் போட்டால் புதன்கிழமை வரும், ஆனால் உறுதி தரமாட்டேன் என்றாள் அந்தப் பெண். பகலில் வீட்டில் ஆள் இல்லை என்று திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதால் ஜெயமலர் கிளடிஸின் கதவு இலக்கத்தைக் கொடுத்தாள். பழையதைத் திருப்பி அனுப்ப அன்றே பெட்டியில் கட்டினாள்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது பெட்டி பத்மநாதனின் மடியில் இருந்தது. கிளடிஸ் வேலைக்குப் போகிற வழியில் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அவர் அதைத் திறக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. ஜெயமலர் சப்பாத்தும் கழற்றாமல் போட்டுப் பார்த்தாள். தோள் சரியாக இருந்தது, கை சற்று நீளம், அது ஒரு ஊசி நூலோடு முடிகிற வேலை. பட்டனைப் பூட்டினாள். பூட்டிய பிறகு மூச்சை முழுதாக விட்டாள். பட்டன் அசையவில்லை.

"இப்ப மனேச்சர் மாதிரி இருக்கிறீர்," என்றார் பத்மநாதன். இந்த முறை அவர் பகிடி விடவில்லை.

நேர்முகத்தில் இருவர் இருந்தார்கள். கிளையின் மனேச்சர் றோஸ்மேரி, அவருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன். காசு எண்ணுவது, வாடிக்கையாளர் சத்தம் போட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஜெயமலர் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு றோஸ்மேரி, நீங்கள் விட்ட ஒரு பிழையையும் அதை எப்படித் திருத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள் என்றார். இந்தக் கேள்வி வரும் என்று வகுப்பில் சொல்லி, ஒரு பதிலும் பாடமாக்கித் தந்திருந்தார்கள். அளவுக்கு மீறிக் கவனமாக வேலை செய்வதுதான் என் பிழை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஜெயமலருக்கு வாய் வரவில்லை.

அவள் எழுந்து நின்றாள். பட்டனைப் பூட்டினாள். இந்த ஜக்கெற்தான் என் பிழை என்று தொடங்கி, எங்கள் சட்டை இங்கே முடியும், உங்கள் ஜக்கெற் இங்கே பூட்டும் என்று கையால் இரண்டு இடத்தையும் காட்டினாள். எண் சரி, கணக்குச் சரி, அளந்த இடம்தான் பிழை என்றாள். முதல் கோல் எடுத்தது கடைக்காரரோடு சண்டை பிடிக்கத்தான் என்பதையும் மறைக்கவில்லை. ரெலிபோனில் பேசிய பெண் பதிலுக்குச் சண்டை பிடிக்காமல் ஒரு கேள்வி கேட்டதால்தான் பிழை பிடிபட்டது, உங்கள் கவுண்டரில் யாராவது சத்தம் போட்டால் நானும் அப்படித்தான் கேட்பேன் என்று முடித்தாள்.

இளைஞன் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தான். றோஸ்மேரி சிரித்தார். எப்போது வேலை தொடங்கலாம் என்று அந்தச் சிரிப்போடேயே கேட்டார்.

ஜெயமலர் கவுண்டருக்குப் போய் ஒரு மாதம் ஆகவில்லை, கட்டடத்துப் பெண்கள் இன்ரநெற் கடை உடுப்புகளின் படம் அச்சடித்த தாள்களோடு அவள் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். வருகிறவர்கள் அளவுச் சட்டையையும் பையில் கொண்டுவருவார்கள். அவள் அதை வாங்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு, ஆளை எழுந்து நிற்கச் சொல்வாள். முதலில் வந்தது கிளடிஸ். மாரிக்கு ஒரு நீளக் கோட்டுப் பார்த்திருந்தாள்.

ரேப் வயிற்றைச் சுற்றியதும் கிளடிஸின் கழுத்து நீண்டது, தோள் உயர்ந்தது.

"மூச்சை விடுங்கோ அக்கா," என்றாள் ஜெயமலர்.