கடைசி ஊருக்குப் போகும் மீன்

தெர்சீலியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது மட்டும் இல்லையென்றால் அவளைப் போல ஒரு மனுஷி இத்தாலியின் இந்த ஃபிளாமினியா சாலை நெடுகத் தேடினாலும் கிடைக்க மாட்டாள். ஃபானோவில் படகு கரை சேர்ந்ததும் மீனை வண்டியில் ஏற்றுவாள். ரோமானியர்கள் மலையைக் குடைந்த ஃபுர்லோ குகைவழிக்குள் ஹாரனை அடித்துக்கொண்டே வருவாள். ஒன்பது மணிக்கு எங்கள் கால்யி. பன்னிரண்டுக்கு, இன்னும் மேலே, மலையடியில் கந்தியானோ. முப்பது வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. புருஷன் செத்த வாரம்கூட வந்தாள்.

என் புகையிலைக் கடை வாசலில்தான் வண்டி நிற்கும். இரண்டு ஊரும் வாங்கினால்தான் வண்டி ஓடும், ஒன்று கைவிட்டாலும் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள். வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவாளாம். சும்மா சொல்லவில்லை.

கைவிடப் பார்த்தது கந்தியானோ. கால்யிக்காரிகள் கழித்துப் போட்டதைத்தான் எங்கள் தலையில் கட்டுகிறாய் என்று அவர்களுக்கு நெடுநாள் பொருமல். ரோடு போட்ட ரோமானியனிடம் போய்ச் சண்டை போடுங்கள், நான் வண்டிதான் ஓட்டுகிறேன் என்று இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லப்போக, அதையே பிடித்துக்கொண்டார்கள். சாலை தொடங்குவது ரோமில். மைல்கல் எண்ணுவதும் அங்கிருந்துதான். அப்படிப் பார்த்தால் கந்தியானோ முந்தி, கால்யி பிந்தி! கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதலில் எங்களுக்கு, இல்லாவிட்டால் இனி இந்தப் பக்கமே வராதே என்று அந்த ஊர் ரொட்டிக்கடை இர்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அந்த நாளில் வீட்டுக்கு வீடு மீன்தான், இறைச்சி ஆகாது. எங்களிடம் முன்கூட்டிச் சொல்ல தெர்சீலியாவுக்குத் துணிச்சல் இல்லை. எங்கள் பெண்கள் குளிரில் காத்துக் கிடக்க, வண்டி வந்தது, நிற்காமல் போய்விட்டது. என் மனைவி எல்வீராவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஐந்து கார்களில் துரத்திக்கொண்டு போனோம். ஒன்றை நான் ஓட்டினேன். மாட்டேன் என்றால் எனக்குச் சாப்பாடு கிடையாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாப் பெட்டியையும் திறந்தாயிற்று. நாக்கு மீன், கணவாய், இறால். கிளறிப் பார்த்த இர்மாவின் முகம் சுருங்கியது.

"இது நாங்க எப்பவும் வாங்குற மீன்தானே? கால்யிக்குக் குடுக்கிற நல்ல மீன் எங்கே?"

தெர்சீலியா எங்களைக் கவனிக்கவில்லை. முப்பது வருட எரிச்சல் ஒரேயடியாக வெளியே வந்தது.

"நல்ல மீனே இதுதான்டி. ஐஸுக்கு அடியில உங்களுக்குன்னு தனியா ஒரு பெட்டி. கால்யியில அதோட மூடியத் தொறந்ததே இல்ல. மத்தியானம் வரைக்கும் பனியில நிக்கிறீங்களே, உங்களுக்குப் போய் மிச்சத்தப் போடுவேனா?"

சொல்லிவிட்டுத் திரும்பியவள் எல்வீராவைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. ஒரு ஊரைக் காப்பாற்றப் போய் இன்னொரு ஊரைத் தொலைத்தாளே பாவி என்று நினைத்துக்கொண்டேன். எல்வீரா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள். அவர்கள் முறை வர மதியமாகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கால்யியில் வண்டியருகே ஒரு ஆள்கூட இல்லை. இனி வரமாட்டார்களா என்று தெர்சீலியா என்னைக் கேட்டாள். அப்போது மாடி ஜன்னல் திறந்தது. எல்வீராதான்.

"மொதல்ல கந்தியானோவுக்குப் போயிட்டு வா. நாங்க காத்திருக்கோம்."

அங்கே போனால் இர்மாவும் அதையேதான் சொன்னாளாம். முதலில் கால்யி, நாங்கள் காத்திருக்கிறோம் என்று. ஒரு மீன்கூட விற்காமல் பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு ஊருக்கும் கடைசியா வந்தாத்தான் வேணுமாம். நான் எங்கேதான் போவேன் அண்ணே?"

அன்றைக்கு முதல் மீனை நான் வாங்கினேன். அதற்காக எல்வீரா இன்றுவரை என்னைத் திட்டுகிறாள்.